வேண்டாமென்ற வரிப் பணம்

கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போவதையும், வாங்கியவன் "வாங்கவே இல்லை" என்று சத்தியம் செய்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பணம் வரவேண்டியவனே கோர்ட்டில் ஏறி, "எனக்கு இவர் ஒரு காசும் தரவேண்டியதில்லை, வாங்கிக்கொள்ளும்படி என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள்" என்று எட்டு வருஷ காலம் வாதாடிய வழக்கை எந்த வக்கீலும் தம் அநுபவத்தில் கண்டிருப்பது அரிது. அத்தகைய வழக்கொன்று 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி லக்ஸம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய யூனியனின் உச்ச நியாயஸ்தலத்தில் முடிவடைந்தது. பணம் பெறவேண்டிய கட்சி அயர்லாந்து சர்க்கார். கொடுக்கவேண்டிய கட்சி, உலகமெங்கும் ஐ-போன் விற்கும் அமெரிக்க ஆப்பிள் கம்பெனி. தொகை, வட்டி நீங்கலாக 1,300 கோடி யூரோ. அயர்லாந்து வழக்கில் தோற்றது. ஆகையால் அதற்குப் பணம் கிடைத்தது.

இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்த வழக்குக்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. ஒரு சுதந்திர தேசம் தனக்கு விருப்பமான ஒருவருக்கு மட்டும் வரியைத் தள்ளிக் கொடுக்கலாமா? கொடுத்தால், அந்தப் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுவதற்கு முன்னால் விவகாரத்தைச் சற்று விரிவாக எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. கணக்கு வழக்குகளில் பிரியமில்லாத வாசகர்கள் சிறிது பொறுமை காட்டும்படி கோருகிறோம். இவ்விஷயத்தில் அக்கிரமம் எல்லாம் கணக்குப் புஸ்தகத்துக்குள்ளேதான் ஒளிந்துகொண்டிருந்தது.

அயர்லாந்தின் தென்கோடியில் உள்ள துறைமுகப் பட்டணம் கார்க். மோட்டார் வண்டிக்குப் பேர்போன ஹென்றி போர்டின் தகப்பனார் பிறந்தது கார்க் ஜில்லாவில்தான். அந்த உறவை நினைத்து 1917-ல் போர்டு கம்பெனி அங்கே ஒரு தொழிற்சாலை வைத்தது. 1980-க்குப் பிந்திய வருஷங்கள் அந்த ஊருக்குக் கெட்ட காலம். 1983-ல் டன்லப் டயர் தொழிற்சாலை மூடப்பட்டது. 1984-ல் போர்டு தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயிரக் கணக்கானவர் வேலை இழந்தனர். இந்தச் சமயத்தில், 1980-ல், அறுபது பேரை வைத்துக்கொண்டு கார்க்கில் கடை திறந்த ஓர் இளம் அமெரிக்கக் கம்பெனியை அவ்வூரார் குலதெய்வம் போலக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. ஏற்றுமதி லாபத்துக்கு வரியே இல்லை என்று அயர்லாந்தில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சலுகை எல்லோருக்கும் பொது. அது 1990-ல் தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததும்தான் நமது கதை ஆரம்பமாகிறது.

ஆப்பிள் கம்பெனிக்கு அயர்லாந்தில் இரண்டு உபகம்பெனிகள் இருந்தன. ஒன்று, ஆப்பிள் சேல்ஸ் இண்டர்நேஷனல். மற்றொன்று, ஆப்பிள் ஆபரேஷன்ஸ் யூரோப். இரண்டும் அயர்லாந்துச் சட்டப்படி பதிவானவை. முதலாவதன் வேலை சரக்கை வாங்கி விற்பது. பாரிஸிலோ மாட்ரிட்டிலோ ஒருவர் கடைக்குள் நுழைந்து ஐ-போனுக்குப் பணம் கொடுத்தால், கையில் சரக்கைக் கொடுப்பது அந்த ஊர்க் கடை. ஆனால் சட்டப்படி அதை விற்றவர் கார்க்கில் உள்ள கம்பெனி. ஆகவே லாபம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் தங்காது. கடல் தாண்டி அயர்லாந்துக்கு வந்துவிடும். ஐரோப்பா மட்டுமல்ல, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய பிரதேசங்களில் விற்ற சரக்கின் லாபமும் இப்படியே வந்து சேர்ந்தது. இதுவரையில் அயர்லாந்துக்கு லாபந்தானே என்று தோன்றும். வந்த லாபத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வரி போட்டிருந்தால் அப்படியே ஆகியிருக்கும். 2003-லிருந்து அந்தத் தேசத்தில் வியாபார லாபத்துக்கு வரி விகிதம் நூற்றுக்குப் பன்னிரண்டரைதான்.

நடந்தது வேறு. 1991-ல் அயர்லாந்து வரி இலாகா ஆப்பிள் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தது. 2007-ல் அதைப் புதுப்பித்து மற்றொன்று கொடுத்தது. இந்தக் கடிதங்களின் சாரம் இது: இவ்விரு கம்பெனிகளுக்கும் அயர்லாந்தில் இருப்பது கிளை ஆபீஸ் மட்டுமே, கிளைக்குரிய லாபத்துக்கு மட்டும் வரி கொடுத்தால் போதும். அந்தக் கிளையின் லாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்ற சரக்கின் கிரயத்தைக் கொண்டு அல்ல. கிளையை நடத்துவதற்கு ஆகும் செலவைக் கொண்டு. விற்பனைக் கம்பெனியின் விஷயத்தில், சரக்கின் விலை நீங்கலாகக் கிளைச் செலவில் நூற்றுக்குப் பன்னிரண்டரை எவ்வளவோ அவ்வளவே லாபம் என்று 1991-ல் ஒப்புக்கொண்டார்கள்.

நமது ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் விளங்கும். மொத்த வியாபாரி ஒருவர் வருஷத்தில் கோடி ரூபாய் லாபம் சம்பாதிக்கிறார். அவருடைய கிட்டங்கியில் ஒரு கணக்குப்பிள்ளைக்கும் இரண்டு மூட்டை தூக்குபவர்களுக்கும் ஆகும் சம்பளம் சில லட்சம். வரி அதிகாரி வந்து, "உமது லாபத்தை நான் பார்க்க வேண்டாம், கணக்குப்பிள்ளையின் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கை உமது லாபமென்று வைத்துக்கொண்டு, அதற்கு வரி கட்டும்" என்று சொன்னால் அந்த வியாபாரி அதிகாரியைத் தெய்வமென்று கும்பிட மாட்டாரா? விற்பனை நூறு மடங்கு பெருகினாலும் கணக்குப்பிள்ளையின் சம்பளம் நூறு மடங்கு பெருகுவதில்லை. இரகசியமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

2011-ம் வருஷக் கணக்கை ஐரோப்பியக் கமிஷன் வெளியிட்டிருக்கிறது. அவ்வருஷம் விற்பனைக் கம்பெனியின் லாபம் சுமார் 1,600 கோடி யூரோ. அதில் அயர்லாந்தில் வரிக்கு உட்பட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டது சுமார் 5 கோடி. கட்டிய வரி 1 கோடிக்கும் குறைவு. 2003-ல் இந்தக் கம்பெனி தன் ஐரோப்பிய லாபத்தில் கொடுத்த வரி நூற்றுக்கு ஒன்று. 2014-ல் அது நூற்றுக்கு 0.005 ஆகத் தேய்ந்துவிட்டது. பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு ஐம்பது யூரோ! அதே கார்க் நகரத்தில், அதே வீதியில், ரொட்டிக் கடையைக் கம்பெனியாகப் பதிவு செய்து நடத்துபவர் பத்து லட்சம் யூரோ லாபம் சம்பாதித்தால் கட்டவேண்டியது ஒரு லட்சத்து இருபத்தையாயிரம்.

மிச்ச லாபம் எங்கே போயிற்று? தலைமை ஆபீஸுக்குப் போயிற்று என்பது பதில். தலைமை ஆபீஸ் எங்கே? இந்த இடத்தில்தான் நமக்குப் புராணம் ஞாபகம் வருகிறது. அந்நாளைய அயர்லாந்துச் சட்டப்படி, ஒரு கம்பெனியை எங்கிருந்து நிர்வகிக்கிறார்களோ அதுவே வரி விஷயத்தில் அதன் வாசஸ்தலம். இவ்விரு கம்பெனிகளையும் நிர்வகித்தது அமெரிக்காவிலிருந்து. ஆகவே அவை அயர்லாந்தின் பிரஜைகள் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி, எங்கே பதிவாயிற்றோ அதுவே வாசஸ்தலம், பதிவானது அயர்லாந்தில். ஆகவே அவை அமெரிக்காவின் பிரஜைகளும் அல்ல. பூமியும் ஏற்காமல், தேவலோகமும் ஏற்காமல், நடுவானில் நின்ற திரிசங்கு மகாராஜாவின் கதிதான். ஆனால் திரிசங்கு தலைகீழாகத் தொங்கினார். இவர்களோ சௌக்கியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தலைமை ஆபீஸுக்குக் கட்டடம் இல்லை, குமாஸ்தா இல்லை, ஒரு சிப்பந்தியும் இல்லை. டைரக்டர்கள் எப்போதாவது கூடி நிறைவேற்றிய தீர்மானங்கள் மட்டும் மினிட் புஸ்தகத்தில் இருந்தன. ஆளில்லாத இந்த ஆபீஸ்தான் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி யூரோ லாபம் சம்பாதித்ததாகக் கணக்கு.

1990-ல் ஆப்பிளின் வரி ஆலோசகர் அயர்லாந்து வரி இலாகா அதிகாரிகளைச் சந்தித்துப் பேசியதன் குறிப்புகளைக் கமிஷன் வெளியிட்டிருக்கிறது. கம்பெனி இப்போது கார்க் பிரதேசத்திலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது என்பதையும், நேராக 1,000 பேரும் ஒப்பந்த முறையில் 500 பேரும் வேலை செய்கிறார்கள் என்பதையும் அவர் பேச்சுவாக்கில் எடுத்துச் சொன்னாராம். லாபமாக வைத்துக்கொள்ளலாமென்று தாம் கூறும் எண்ணுக்கு விஞ்ஞான ரீதியான ஆதாரம் எதுவும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டாராம். வரி விதிப்பது சட்டத்தின் காரியம் என்றுதான் நாம் படித்த புஸ்தகங்கள் சொல்லுகின்றன. இங்கே நடந்திருப்பது சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மாட்டு விலை பேசுவது போன்ற காரியம். வரி கட்டுகிறவர் வரி அதிகாரியோடு பேரம் பேசி முடித்திருக்கிறார். வேலையாட்களின் தொகை தராசில் எடைக்கல்லாக விழுந்திருக்கிறது.

2013-ம் வருஷம் மே மாதம் அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் கமிட்டி ஒன்று, கார்ல் லெவின் என்பவர் தலைமையில், இந்தத் திரிசங்குக் கம்பெனிகளை முதல்முதலாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் தலைவர் டிம் குக் நேரில் வந்து சாட்சி சொன்னார். மறு வருஷம் ஜூன் மாதம் ஐரோப்பியக் கமிஷன் விசாரணை தொடங்கிற்று. 2016 ஆகஸ்டு 30-ந் தேதி, போட்டி இலாகாவுக்குப் பொறுப்பான டென்மார்க் தேசத்து அம்மையார் மார்கரெதே வெஸ்டாகர், 2003 முதல் 2014 வரையில் தள்ளிக் கொடுத்த வரி 1,300 கோடி யூரோவையும் வட்டியோடு வசூலிக்கும்படி அயர்லாந்துக்கு உத்தரவிட்டார்.

உத்தரவின் சட்ட ஆதாரத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வரி விகிதம் குறைவாக இருக்கிறது என்று கமிஷன் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பன்னிரண்டரையோ, ஐந்தோ, எத்தனை விகிதம் வைத்துக்கொள்வதும் அயர்லாந்தின் இஷ்டம். ஆனால் யூனியன் உடன்படிக்கையின் 107-வது ஷரத்து, ஒரு சர்க்கார் ஒரு கம்பெனிக்கு மட்டும் விசேஷ உதவி செய்து மற்ற வியாபாரிகளின் போட்டியைக் கெடுக்கக் கூடாது என்கிறது. பொக்கிஷத்திலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாலும், வரவேண்டிய வரியை வாங்காமல் விட்டாலும் இரண்டும் ஒன்றே. கையில் கொடுப்பதற்கும் கடனைத் தள்ளுவதற்கும் என்ன பேதம்? குற்றச்சாட்டு இவ்வளவுதான்: எல்லோருக்கும் ஒரு சட்டம் இருக்க, இவருக்கு மட்டும் ஒரு கடிதம் இருந்தது.

அயர்லாந்து சர்க்கார் அப்பீல் செய்வதென்று தீர்மானித்தது. கோடை விடுமுறையில் இருந்த சட்டசபையைக் கூட்டி, 2016 செப்டம்பர் 7-ந் தேதி 93-க்கு 36 என்ற வோட்டு வித்தியாசத்தில் அதற்கு ஆதரவும் பெற்றுக்கொண்டது. 2020 ஜூலை 15-ந் தேதி கீழ் நியாயஸ்தலம் கமிஷனின் உத்தரவை ரத்து செய்தது. விசேஷ சலுகை இருந்தது என்பதைக் கமிஷன் போதுமான அளவு ருசுப்படுத்தவில்லை என்பது காரணம். கமிஷன் மேலே சென்றது. ஆப்பிளின் வாதத்தில் பலமான அம்சம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஐ-போனைக் கண்டுபிடித்ததும் அதை மேலும் மேலும் திருத்தியதும் கலிபோர்னியாவில் உள்ள எஞ்சினியர்கள். லாபம் அந்த மூளையின் பலன். கார்க்கில் உள்ளவர்கள் சரக்குக் கணக்குப் பார்ப்பவர்கள். அப்படியிருக்க அயர்லாந்துக்கு அந்த லாபத்தில் பாத்தியதை எப்படி வரும் என்று கேட்டார்கள்.

உச்ச நியாயஸ்தலம் இதற்குக் கொடுத்த பதில் நமக்கு மிகத் தெளிவாகப் படுகிறது. கலிபோர்னியாக் கம்பெனி வேறு. அயர்லாந்தில் பதிவான இந்தக் கம்பெனிகள் வேறு. புது விஷயங்களைக் கண்டுபிடிக்கும் செலவுக்காக இவை வருஷந்தோறும் பெருந்தொகையை அமெரிக்கத் தாய்க் கம்பெனிக்குச் செலுத்தி, அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே விற்கும் உரிமையைத் தம்முடையதாகவே வைத்துக்கொண்டன. அந்த உரிமையால் வரும் லாபத்தைக் கிளைக்கும் தலைமை ஆபீஸுக்கும் பங்கிட வேண்டும் என்றால், அவ்விரண்டையுந்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் கலிபோர்னியாவைக் கொண்டுவருவது பொருந்தாது. ஒரு பக்கம் ஆள் அம்புகளோடு கூடிய கிளை. மறுபக்கம் ஆளே இல்லாத தலைமை ஆபீஸ். ஆளில்லாத இடத்தில் லாபம் எப்படிச் சம்பாதிக்கப்படும்? கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு தள்ளப்பட்டது. கமிஷனின் உத்தரவு ஊர்ஜிதமாயிற்று. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

இந்த ஜட்ஜுகள் பெரிய கம்பெனிகளின் மீது துவேஷம் கொண்டவர்கள் என்று சிலர் எழுதினார்கள். அது ஆதாரமற்ற பேச்சு. நெதர்லாந்தில் ஸ்டார்பக்ஸ், லக்ஸம்பர்கில் பியட், அதே லக்ஸம்பர்கில் அமேஸான் ஆகிய கம்பெனிகளின் மேல் இதே கமிஷன் கொண்டுவந்த இதே மாதிரி வழக்குகள் 2019, 2022, 2023-ம் வருஷங்களில் முறையே தோற்றுப்போயின. கமிஷன் ஜெயித்தது ஆப்பிள் விஷயத்தில் மட்டுமே என்று சொன்னாலும் அதிகம் தப்பில்லை.

இனி, அயர்லாந்தின் சுதந்திர வாதத்துக்கு வருவோம். "எங்கள் வரியை நாங்கள் விதிப்போம், பிரஸ்ஸல்ஸ் யார் கேட்பதற்கு?" என்பது டப்ளின் மந்திரிகளின் கோஷம். அயர்லாந்து என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்களின் உள்ளம் இளகுவது இயல்பு. 1920-ல் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்த டெரன்ஸ் மக்ஸ்வினி வேறு யாருமல்ல. இந்தக் கார்க் நகரத்தின் மேயர்தான். அவருக்கு முந்திய மேயர் தாமஸ் மக்கர்ட்டின் அதே வருஷம் மார்ச்சில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நகரத்தின் நடுப்பாகத்தைக் கொளுத்தினார்கள். 1929-ல் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து மாண்டபோது நம் தேசத்தார் அவரை ஒப்பிட்டது மக்ஸ்வினியோடுதான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சுதந்திரத்தைப் பற்றி அயர்லாந்து பேசினால் அதைக் காது கொடுத்துக் கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேட்டுவிட்டுச் சொல்லுகிறோம்: இந்த வாதம் அந்தச் சுதந்திரத்துக்குப் பொருந்தவில்லை. டப்ளின் சட்டசபை கூடி, பகிரங்கமாக விவாதித்து, "எங்கள் தேசத்தில் எல்லாக் கம்பெனிகளுக்கும் நூற்றுக்கு ஒன்றே வரி" என்று சட்டம் செய்திருந்தால், அது சுயராஜ்யத்தின் காரியம். ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றுவார்கள். 1991-ம் வருஷக் கடிதமும் 2007-ம் வருஷக் கடிதமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை சட்டசபை இயற்றியவை அல்ல. இலாகா அதிகாரி ஒருவருக்கும் கம்பெனி ஆலோசகர் ஒருவருக்கும் இடையே முடிந்த பேச்சு, இருபது வருஷத்துக்கு மேல் தேசத்தின் சட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. இதைப் பாதுகாக்கச் சுதந்திரத்தின் பெயரை எடுத்ததுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

வரி தள்ளிக் கொடுக்கப்பட்ட வருஷங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். 2008-ல் அயர்லாந்தின் பாங்குகள் முறிந்தன. 2010 நவம்பரில் அந்தத் தேசம் ஐரோப்பாவிடமும் சர்வதேச நாணய நிதியிடமும் கையேந்தி, தன் சொந்தப் பணமும் சேர்ந்த 8,500 கோடி யூரோ திட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2011 பிப்ரவரியில் மணிக்கு 8.65 யூரோவாக இருந்த குறைந்தபட்சக் கூலியை 7.65 ஆகக் குறைத்தார்கள். ஜனங்களின் கூக்குரலுக்குப் பிறகு ஜூலையில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். அவ்வருஷமே வருமானத்தின் மேல் ஒரு புது சமூக வரி; 2012-ல் வீட்டுக்கு 100 யூரோ என்று ஒரு வரி; மறு வருஷம் சொத்து வரி. பிறகு குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் போடப் போய், ஆயிரக்கணக்கானவர் டப்ளின் வீதிகளில் ஊர்வலம் வந்து, 2016-ல் அதைக் கைவிட நேர்ந்தது. அறை சுத்தம் செய்யும் ஸ்திரீயின் மணிக் கூலியில் ஒரு யூரோ பிடித்த அதே 2011-ம் வருஷத்தில்தான் 1,600 கோடி யூரோ லாபத்துக்கு 1 கோடிக்கும் குறைவாக வரி வாங்கினார்கள். தேசத்துக்கு வேறு வழியில்லை என்று அன்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது.

வேலை கிடைத்ததே, அது போதாதா என்பவர்கள் உண்டு. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. இன்று கார்க்கில் சுமார் 6,000 பேர் ஆப்பிளில் வேலை செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கப்பலேற்றிப் பிரிந்த தேசம் அது. பிள்ளைகள் ஊரிலேயே பிழைக்க வழி கிடைத்தால் தாய் தகப்பன்மார் வரி விகிதத்தைப் பற்றியா கவலைப்படுவார்கள்? ஆனால் தீர்ப்பு வந்த பிறகு ஆப்பிள் கார்க்கை விட்டு ஓடிவிடவில்லை. வரியில்லாவிட்டால் கம்பெனியில்லை என்று எட்டு வருஷமாகக் காட்டிய பூச்சாண்டி வெறும் பூச்சாண்டியாகவே போயிற்று. உண்மையான அபாயம் வேறொன்று. அயர்லாந்தின் கம்பெனி வரி வருமானத்தில் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகளிடமிருந்து வருவதாக 2023-ம் வருஷக் கணக்கு காட்டுகிறது. அவற்றின் கணக்குப்பிள்ளைகள் பேனாவை ஒரு தடவை அசைத்தால் தேசத்தின் ஜாதகமே மாறும். 2015-ல் அப்படித்தான் ஆயிற்று. கம்பெனிகள் தங்கள் பேடண்டு முதலிய சொத்துக்களை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதில் தேசத்தின் உற்பத்தி ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 26 பெருகியதாகப் புள்ளிவிவரம் வெளியாயிற்று! உலகமே சிரித்தது. பிறகு அந்தத் தேசத்துப் புள்ளிவிவர இலாகா, உண்மை நிலையைக் காட்டுவதற்கென்று வேறொரு தனிக் கணக்கே ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்கா நடந்துகொண்ட விதம் தனி ரகம். 2013-ல் செனட் கமிட்டி இந்த ஏற்பாட்டைக் கண்டித்தது. 2016-ல் அமெரிக்கப் பொக்கிஷ இலாகாவே கமிஷனை எதிர்த்து அறிக்கை விட்டது. வரி வாங்காமலிருப்பது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, வேறொருவர் வாங்குவது! பிறகு 2017-ம் வருஷச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் குவிந்து கிடந்த லாபத்துக்கு ஆப்பிள் சுமார் 3,800 கோடி டாலர் அமெரிக்காவுக்கு வரி கட்டுவதாக 2018-ல் அறிவித்தது. அது கட்டத் தூண்டியது எது என்று வாசகர்கள் யூகிக்கலாம்.

ஐரோப்பாவின் கையும் சுத்தமல்ல. 2016-ல் கமிஷனின் தலைவராக வீற்றிருந்த ஷான்-குளோத் யூங்கர், 1995 முதல் 2013 வரையில் லக்ஸம்பர்க் பிரதம மந்திரியாக இருந்தவர். அந்தச் சிறு தேசம் பல பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த இதே மாதிரிக் கடிதங்கள் 2014 நவம்பரில் பத்திரிகைகளில் அம்பலமாயின. வரிச் சட்டங்களை மாற்ற எல்லா அங்கத்தினர் தேசங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது யூனியனின் விதி. அதனால்தான் கமிஷன் நேர்வழி அடைபட்டு, போட்டிச் சட்டம் என்ற சுற்று வழியாக நுழைந்தது. 2021-ல் 136 தேசங்கள் கூடி, பெரிய கம்பெனிகளுக்கு நூற்றுக்குப் பதினைந்து வரி என்று ஒப்புக்கொண்டன. அயர்லாந்து அதில் "குறைந்தபட்சம்" என்ற அர்த்தமுள்ள சொல்லை எடுத்துவிட்டால்தான் கையெழுத்திடுவேன் என்று நின்று எடுக்கவைத்தது. 2025 ஜூனில் ஜி-7 தேசங்கள் அமெரிக்கக் கம்பெனிகளை இந்த ஏற்பாட்டின் முக்கிய பாகங்களிலிருந்து விலக்கிவிட ஒத்துக்கொண்டன. அதாவது எந்தக் கம்பெனிகளுக்காக முக்கியமாக வலை பின்னப்பட்டதோ அவற்றுக்கு வலையில் ஒரு வாசல் வைத்தாயிற்று.

இந்தச் செய்தி நம் வாசகர்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. ஐ-போன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே சுங்குவார்சத்திரத்திலும் பூட்டப்பெறுகின்றன. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்று, அவர்களுடன் வேலை செய்யும் பெண்கள் சென்னை-பெங்களூர் ரஸ்தாவில் உட்கார்ந்து மறியல் செய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்பே அந்த வட்டாரம் வேறொரு பாடம் படித்தது. 2005-ல் பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியோடு மாநில சர்க்கார் விசேஷ சலுகைகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. மறு வருஷம் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது; உச்ச நிலையில் சுமார் 8,000 பேருக்கு நேராக வேலை கொடுத்தது. தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய மென்பொருள் கட்டணத்தில் பிடிக்கவேண்டிய வரி எவ்வளவு என்று 2013-ல் தகராறு முளைத்தது. மாநில விற்பனை வரித் தகராறும் சேர்ந்துகொண்டது. தொழிற்சாலை முடக்கப்பட்டு, மைக்ரோஸாப்டுக்கு விற்ற சொத்தில் சேராமல் தனியே நின்று, 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியை நிறுத்தியது. சலுகை கொடுக்கும்போது பேசாத கணக்கைப் பிற்பாடு பேசினார்கள். சர்க்காரும் கம்பெனியும் வக்கீல் வைத்துக்கொண்டன. வேலையிழந்த பெண்களுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

அயர்லாந்துக்கு வந்து சேர்ந்த பணத்தை வீடு, தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செலவிடப் போவதாக 2024 அக்டோபர் பட்ஜெட்டில் மந்திரி ஜாக் சேம்பர்ஸ் கூறினார். தங்க வீடின்றிச் சர்க்கார் ஏற்பாடு செய்த தாற்காலிக இடங்களில் அவ்வருஷம் 14,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆகவே பணத்துக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது. எட்டு வருஷம் அதை வேண்டாமென்று தள்ளிய கட்சிகள், செலவு செய்யும் விஷயத்தில் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்து டப்ளின் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

பழைய கடிதங்களின் கணக்கு தீர்ந்தது. புதுக் கடிதங்கள் என்ன ஆயின? 2017 முதல் யூனியன் தேசங்களின் வரி இலாகாக்கள் தாங்கள் கொடுக்கும் இத்தகைய கடிதங்களைப் பற்றி ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் 2021-ல் இயற்றிய மற்றொரு விதியின்படி, வருஷத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வரவுள்ள கம்பெனிகள், 2024 ஜூன் 22-ந் தேதிக்குப் பின் தொடங்கும் கணக்கு வருஷங்களிலிருந்து, ஒவ்வொரு ஐரோப்பிய யூனியன் தேசத்திலும் எத்தனை பேரை வைத்து எவ்வளவு லாபம் சம்பாதித்து எவ்வளவு வரி கட்டின என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கார்க் கணக்கை இனி யாரும் பார்க்கலாம். யூனியன் தேசங்களுக்கும், யூனியன் கறுப்புப் பட்டியலில் வைத்திருக்கும் சில பிரதேசங்களுக்கும் மட்டுமே தனித்தனி வரி உண்டு. உலகத்தின் மற்றப் பாகங்கள் அனைத்தையும் கூட்டி ஒரே வரியில் போட்டால் போதும். ஸ்ரீபெரும்புதூரின் கணக்கு அந்த ஒரு வரிக்குள் இருக்கும்.